நிற்கும் வண்டிக்குள் இருக்கும் மின்சாரம்

சென்ற ஐப்பசியில் மழை வலுத்திருந்த ஒரு மாலை, மாதவரத்தில் நான் கணக்குப் பார்க்கும் பார்சல் யார்டில் ஏழு மணி வாக்கில் மின்சாரம் நின்றுபோனது. தெருமுனை வேப்பமரத்தின் கிளை ஒடிந்து மின்கம்பியின் மேல் விழுந்துவிட்டதாகக் காவலாளி வந்து சொன்னார். வெளிக்கம்பியிலிருந்து யார்டைத் துண்டிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்பிப் பின்பக்கத்து ஜெனரேட்டரை ஓடவிட்டோம். மறுநாள் காலை டெலிவரிக்குப் போகவேண்டிய மூட்டைகளைப் பகுதிவாரியாகப் பிரிக்கும் வேலை பாதியில் நின்றிருந்தது. பெல்ட் ஓட வேண்டும், கணினிகள் இயங்க வேண்டும், விளக்கு வேண்டும். எல்லாம் சேர்ந்தாலும் 15 கிலோவாட்டைத் தாண்டாது. கிளையை வெட்டி, அறுந்த கம்பியை இழுத்துக் கட்டி, மின்சாரம் திரும்பி வர மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்த மூன்று மணி நேரமும் டீசல் புகை தகரக் கூரைக்குக் கீழே வெளியேற வழியின்றிச் சுற்றிக்கொண்டிருந்தது.

யார்டின் முன்பக்கத்தில் எங்கள் 24 மின்சாரக் குட்டி யானைகள், அதாவது சிறிய சரக்கு வண்டிகள், இரண்டு வரிசையாக நின்றிருந்தன. அன்றைய டிரிப் முடித்துத் திரும்பி, சார்ஜர் கேபிள் மாட்டியபடியே, மின்சாரம் வராமல் காத்துக்கொண்டிருந்தன. ஓட்டுநர்களில் மூத்தவர் ஒருவர் மழைக்கு ஒதுங்கித் தன் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். டேஷ்போர்டில் 41 என்ற எண் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் போனதும் அதைக் காட்டி, "இருபத்துநாலு வண்டி நிக்குது சார். ஒவ்வொண்ணுலயும் பாதிக்குக் கிட்ட சார்ஜ் இருக்கு. நாம என்னடான்னா டீசல ஊத்தி வெளிச்சம் போட்டுக்கிட்டு இருக்கோம்" என்றார்.

அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு வீட்டுக்குப் போய்த் தாளில் எழுதிப் பார்த்தேன். மூன்று மணி நேரத்துக்கு யார்டுக்குத் தேவைப்பட்டது சுமார் 45 யூனிட். அதற்கு எரிந்தது ஏறத்தாழ 15 லிட்டர் டீசல், அதாவது 1,400 ரூபாய். யூனிட் ஒன்றுக்கு 31 ரூபாய். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கரியமில வாயு வெளியாகும் என்பதால், அந்த ஒரு மாலையில் மட்டும் நாங்கள் காற்றில் கலந்தது 40 கிலோ. வண்டிகளின் பக்கம் பார்த்தால், ஒவ்வொன்றின் பேட்டரியும் 20 யூனிட் கொள்ளும். 40 விழுக்காடு மிச்சம் என்றால் 8 யூனிட். 24 வண்டிகளுக்கு 192 யூனிட். எங்களுக்குத் தேவைப்பட்டதைப்போல் நான்கு மடங்கு மின்சாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் அந்த வண்டிகளின் சார்ஜர் ஒருவழிப் பாதை. உள்ளே போகும் மின்சாரம் சக்கரத்தின் வழியாக மட்டுமே வெளியே வரும்.

அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. மின்வண்டிகள் பெருகினால் மின்கட்டமைப்புக்குச் சுமை கூடும் என்பதுதான் என் எண்ணம். எங்கள் மின்கட்டண ரசீதும் மாதாமாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மழை இரவுக்குப் பிறகு அந்த எண்ணம் மனத்தில் பழையபடி உட்கார மறுத்துவிட்டது.

முதலில் நேரம்

யார்டின் நாள் எப்படிப் போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காலை ஏழரைக்கு லோடு ஏற்றி ஒன்பதுக்குள் வண்டிகள் வெளியேறும். மதியம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் பாதி வண்டிகள் அடுத்த லோடுக்குத் திரும்பும். மாலை ஆறரைக்கு எல்லாம் வந்து சேரும். வந்ததும் ஓட்டுநர் செய்யும் முதல் வேலை கேபிளை மாட்டுவது, இரண்டாவது வேலை டீ குடிப்பது. ஆக, 24 வண்டிகளும் ஒரே நேரத்தில், ஆளுக்கு 3.3 கிலோவாட் வீதம், ஏறத்தாழ 80 கிலோவாட்டை இழுக்கத் தொடங்கும் நேரம் மாலை ஏழு மணி. தமிழ்நாடு முழுவதும் வீட்டு விளக்கும் மின்விசிறியும் மிக்சியும் ஏசியும் இயங்கத் தொடங்கும் அதே நேரம். கமுதியிலும் கரூரிலும் சூரியத் தகடுகள் அடங்கிப்போய், அந்த இடத்தை நிரப்ப அனல்மின் நிலையங்கள் எரிப்பைக் கூட்டும் நேரமும் அதுதான். எங்கள் யார்டின் மொட்டை மாடியில் நின்றால் வடகிழக்கே எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள் தெரியும். நாங்கள் கேபிள் மாட்டும் நேரத்தில் அங்கே நிலக்கரி கூடுதலாக எரிகிறது என்பதை நான் அந்த மாடியில் நின்றுதான் முதன்முதலாக உணர்ந்தேன்.

எங்களுடையது பெரிய பயனாளர்களுக்கான உயரழுத்த இணைப்பு. மாலை 6 முதல் 10 வரையில் பயன்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 25 விழுக்காடு கூடுதல் கட்டணம். இரவு 10 முதல் காலை 5 வரை 5 விழுக்காடு தள்ளுபடி. அடிப்படை விலையை 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஏழு மணிக்கு 10 ரூபாய்க்கு வாங்கும் மின்சாரம் பத்து மணிக்குப் பிறகு 7 ரூபாய் 60 காசு. ஒரு இரவுக்குச் சுமார் 300 யூனிட் ஏற்றுகிறோம். அதில் ஏழிலிருந்து பத்துக்குள் ஏறுவது 240 யூனிட். மூன்று மணி நேரம் பொறுத்திருந்தால் இரவுக்கு 576 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 1 லட்சத்து 72 ஆயிரத்து 800. பாதி வண்டிகளைப் பத்து மணிக்கும் மீதியை இரண்டு மணிக்கும் தொடங்கினால் 80 கிலோவாட் 40 ஆகக் குறையும். ஒரே நேரத்தில் இழுக்கும் உச்ச அளவுக்கு, அதாவது மேக்சிமம் டிமாண்டுக்கு, மாதந்தோறும் கேவிஏ (ஏறத்தாழ கிலோவாட்) ஒன்றுக்கு 500 ரூபாய்க்கு மேல் கட்டுகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று தெரியும். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். வண்டி மின்சாரத்தைத் திருப்பித் தரவும் வேண்டாம். எப்போது எடுப்பது என்பதை மாற்றினாலே போதும்.

இரவு நேரத்துக்குத் தமிழ்நாட்டில் இன்னொரு மதிப்பும் உண்டு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். வைகாசி தொடங்கி ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வரும் அந்தக் காற்று இரவிலும் ஓய்வதில்லை. மாநிலத்தின் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஊர் உறங்கும் நேரத்தில் வாங்க ஆளில்லாமல் காற்றாலைகளை நிறுத்திவைக்க நேர்ந்த கதைகள் அந்தத் தொழிலில் இருக்கும் எவரைக் கேட்டாலும் கிடைக்கும். இரவில் 24 வண்டிகள் எடுக்கும் 300 யூனிட் அதில் ஒரு துளி. ஆனால் மாதவரத்தைச் சுற்றி எத்தனை யார்டுகள் இருக்கின்றன, அவற்றில் எத்தனை வண்டிகள் இன்னும் சில ஆண்டுகளில் மின்வண்டிகளாக மாறும் என்று எண்ணிப் பார்த்தால் துளி என்று ஒதுக்க மனம் வராது.

கணக்கு உடைந்த இடம்

நேரத்தை மாற்றியதும் ஆசை அடுத்த படிக்குப் போனது. இரவில் மலிவாக ஏற்றி, மறுநாள் மாலை உச்ச நேரத்தில் வண்டியிலிருந்து யார்டுக்கே எடுத்துக்கொண்டால் என்ன? இருவழிச் சார்ஜர் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதினேன். இரவில் 7 ரூபாய் 60 காசுக்கு வாங்கியது, உள்ளே போய் வெளியே வருவதற்குள் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும் என்றால், கைக்கு வரும் யூனிட்டின் அடக்கவிலை 9 ரூபாய் 50 காசு. உச்ச நேர விலை 10 ரூபாய். மிச்சம் 50 காசு. பேட்டரியின் தேய்மானத்தைச் சேர்த்தால் அந்த 50 காசும் நிற்காது. இரண்டு நாள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கனவு ஒரு பெருக்கலில் உடைந்துபோனது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

இந்த விஷயத்தைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் இந்தக் கணக்கைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதே என் மனத்தாங்கல். மலிவாக வாங்கி விலை கூடும்போது விற்கலாம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த வித்தியாசம் போதுமான அளவு பெரிதாக இருந்தால்தான் அது நடக்கும். 2023இல் மத்திய அரசு திருத்திய மின்நுகர்வோர் உரிமை விதிகள், சூரிய மின்சாரம் கிடைக்கும் பகல் நேரத்தில் கட்டணம் வழக்கமானதைவிடக் குறைந்தது 20 விழுக்காடு தாழ்வாகவும், தொழில், வணிக இணைப்புகளுக்கு உச்ச நேரத்தில் குறைந்தது 20 விழுக்காடு உயர்வாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. பகல் விலை அப்படி 6 ரூபாய் 40 காசாகக் கைக்கு வந்தால், இழப்புப் போக அடக்கம் 8 ரூபாய். மிச்சம் 2 ரூபாய். அப்போது கணக்கு உயிர்பெறுகிறது. ஆனால் சூரியன் உச்சியில் நிற்கும் நேரத்தில் வண்டி சாலையில் அல்லவா இருக்கும்! மதியம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் லோடுக்காக வந்து நிற்கும் அந்த முக்கால் மணி நேரம்தான் எங்களுக்குக் கிடைக்கும் ஒரே இடைவெளி. கூரையில் தகடு பதித்து, இரண்டு வேகச் சார்ஜர்களை அந்த நேரத்துக்கென்றே ஒதுக்கினால் கொஞ்சம் பிடிக்கலாம்.

அப்படியானால் திருப்பித் தருவதில் உண்மையான மதிப்பு எங்கே இருக்கிறது? ஒன்று, மழை இரவில் நான் பார்த்தது: 31 ரூபாய் டீசல் யூனிட்டை 10 ரூபாய்க்குள் ஈடுகட்டுவது. அதில் ஒரு கட்டாய நிபந்தனை உண்டு. கம்பத்தின் மேல் ஒருவர் ஏறிக் கம்பியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, எந்த யார்டிலிருந்தும் ஒரு வோல்ட்கூட வெளியே போய்விடக் கூடாது. ஜெனரேட்டருக்குச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைப்பதைப்போல, வண்டியின் மின்சாரமும் யார்டுக்குள்ளேயே அடைபட வேண்டும். இன்னொரு மதிப்பைத் தேடி நான் வெகு தொலைவு போக வேண்டியிருந்தது.

ஃபிரெடரிக்ஸ்பர்க்கின் பத்து வேன்கள்

டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரம் சூழ்ந்திருக்க, அதன் நடுவே தனி நகராட்சியாக இருப்பது ஃபிரெடரிக்ஸ்பர்க். அங்கே குடிநீரும் எரிவாயுவும் வழங்கும் நகராட்சி நிறுவனம் 2016இல் பத்து நிசான் இ-என்வி200 வேன்களை வாங்கியது. இத்தாலிய மின் நிறுவனமான எனலின் இருவழிச் சார்ஜர்களையும் நுவ்வி என்ற அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருளையும் இணைத்து, வேலை முடிந்த பிறகு அந்த வேன்களை மின்கட்டமைப்புக்கு வேலை செய்ய வைத்தார்கள். சார்ஜர் ஒவ்வொன்றும் 10 கிலோவாட். வேன்கள் நாள்தோறும் சுமார் 15 மணி நேரம் நிற்பவை. மாலையில் வந்து காலையில் கிளம்புகிறவை. படித்தபோது எனக்கு எங்கள் யார்டின் இரண்டு வரிசைகளே கண்முன் வந்தன.

அவர்கள் யூனிட்டை விற்று அதில் லாபம் பார்க்கவில்லை. விற்றது தயார்நிலையை. மின்கட்டமைப்பின் அதிர்வெண் எந்நேரமும் 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 சுழற்சியில், நிற்க வேண்டும். பாரம் ஏறினால் மாட்டின் நடை தளர்வதைப்போல, தேவை கூடினால் மின்னாக்கிகளின் சுழற்சி தளர்ந்து அதிர்வெண் இறங்கும். தேவை குறைந்தால் ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தை நொடிக்கு நொடி சரிசெய்ய யாராவது தயாராக நிற்க வேண்டும், அப்படி நிற்பதற்கே கூலி உண்டு. நிலக்கரி உலை தன் வேகத்தை மாற்ற நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். பேட்டரிக்கு நொடிகள் போதும். வேன் சிறிது கொடுக்கிறது, சிறிது எடுக்கிறது. விடியும்போது போன மின்சாரமும் வந்த மின்சாரமும் ஏறக்குறைய சமமாகிவிடும். அந்தப் பத்து வேன்களும் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஆயிரம் யூரோவுக்கு மேல் சம்பாதித்தன. இந்த யோசனையின் வேர் இன்னும் பழையது. டெலவேர் பல்கலைக்கழகத்தின் வில்லெட் கெம்ப்டன் 1997இலேயே, சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து, மின்வண்டிகளை மின்வாரியங்களுக்கான ஆற்றல் மூலமாகக் கருதலாம் என்று எழுதியிருக்கிறார். 2013இல் அவருடைய குழுவின் கார்கள் அமெரிக்காவின் பிஜேஎம் என்ற மின்சாரச் சந்தையில் இந்தச் சேவைக்கு உண்மையாகவே கூலி வாங்கின.

அதிர்வெண் நம் வீட்டுச் செய்தியும்தான். 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாள்களில் வட இந்தியாவும் கிழக்கும் இருண்டபோது தெற்கு தப்பியது, ஏனெனில் தென்னகக் கட்டமைப்பு அப்போது தனியாக இயங்கியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடம் வழியாகத் தெற்கும் இணைக்கப்பட்ட பிறகு நாடு முழுவதற்கும் ஒரே துடிப்பு. அதைக் காக்கும் துணைச் சேவைகளுக்கு மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022இல் வகுத்த விதிகளில், அனல்மின் நிலையங்களோடு சேமிப்பு அமைப்புகளுக்கும் இடமுண்டு. ஆனால் நுழைவதற்குக் குறைந்தது 1 மெகாவாட் வேண்டும். 10 கிலோவாட் சார்ஜர் என்றாலும் நூறு வண்டிகள் ஒன்றாக நிற்க வேண்டும். எங்கள் யார்டு தனியாக அந்த வாசலைத் தொடவே முடியாது. மாதவரத்தில் நான்கைந்து யார்டுகள் கைகோத்தால் தொடலாம்.

பேட்டரி என்னவாகும் என்ற கேள்விக்கும் ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் விடை இருக்கிறது. தொடக்கத்தில் 23 யூனிட் கொண்ட அந்த வேன்களின் பேட்டரி ஐந்து ஆண்டு முடிவில் சுமார் 19 யூனிட்தான் கொண்டது. சும்மா வைத்திருந்தாலும் பேட்டரி வயதாகும் என்பது உண்மை. ஆயினும் தேய்மானம் இல்லை என்று வண்டிக்காரரிடம் யாரும் சொல்லக் கூடாது. கூலியைப் பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசுவதுதான் நேர்மை.

அவர் கேட்ட கேள்வி

இந்தக் கணக்கையெல்லாம் எடுத்துக்கொண்டு, தை பிறந்ததும் ஒரு மாலை அந்த மூத்த ஓட்டுநரிடம் போனேன். மழை இரவில் வாயெடுத்தவர் அவர்தானே என்று எனக்கு ஒரு நம்பிக்கை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, "அன்னிக்கு நான் சொன்னது யார்டுக்கு விளக்கு எரியறத பத்தி சார். நீங்க சொல்றது வேற. ராத்திரி எவனோ எடுத்துட்டு, காலையில நான் வந்து பார்க்கும்போது எழுபதுதான் இருக்குன்னா, என் ரெண்டாவது டிரிப் போச்சு. டிரிப்புக்குத்தான எனக்குக் காசு? அத யாரு குடுப்பா?" என்றார்.

நான் எழுதிய எந்தத் தாளிலும் அவர் இல்லை. யார்டு இருந்தது, மின்வாரியம் இருந்தது, பேட்டரி இருந்தது, கரியமில வாயு இருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு டிரிப் ஓட்டினால்தான் வீட்டு வாடகையும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் கட்ட முடியும் என்ற மனிதர் இல்லை. வண்டி நிற்கும் நேரம் எல்லாம் யாருக்கும் உரிமையில்லாத நேரம் என்பதைப்போல நான் கணக்குப் போட்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் மறுநாளைக்கான அவருடைய சம்பாத்தியம் வண்டிக்குள் சேர்ந்துகொண்டிருக்கிறது. சரக்கு வண்டிகள் மின்கட்டமைப்புக்கு உதவும் என்று நான் இப்போதும் முழு மனத்தோடு நம்புகிறேன். முன்னைவிட உறுதியாகவே நம்புகிறேன். ஆனால் காலை ஏழரைக்கு வண்டியில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை முதலில் ஓட்டுநர் சொல்ல வேண்டும், அதற்கு மேல் இருப்பதைத்தான் மற்றவர்கள் தொடலாம். கிடைக்கும் கூலியில் அவருக்கு ஒரு பங்கு எழுத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத ஏற்பாட்டை நான் முதலாளியிடம் கொண்டுபோகப் போவதில்லை என்று அவரிடமே சொன்னேன்.

இருவழிச் சார்ஜர் இன்னும் வரவில்லை. மாசி மாதத்திலிருந்து பத்து மணிக்கு மேல்தான் சார்ஜ் என்பதை மட்டும் நடைமுறைப்படுத்தியிருக்கிறோம். முதல் வாரத்தில் இரண்டு வண்டிகளுக்குச் சுவிட்ச் போட மறந்து, காலையில் ஒரு டிரிப் தாமதமாயிற்று; அந்த டிரிப்பின் காசை யார்டே கொடுத்தது. அதற்குப் பிறகு கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினோம். வண்டி எண், மறுநாள் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று மூன்று கட்டம். மாலையில் கேபிளை மாட்டியதும், டீக்குப் போகும் முன், ஒவ்வொருவரும் அதில் எழுதிவிட்டுப் போகிறார்கள். இரவில் காவலாளி அதைப் பார்த்து, தூரம் போகிறவற்றுக்கு முதலில் சுவிட்ச் போடுகிறார். நேற்று மாலை நான் கிளம்பும்போது பார்த்தேன். மூத்தவரின் வண்டிக்கு நேராக 58 என்றும் எட்டு மணி என்றும் எழுதியிருந்தது. அவருடைய டேஷ்போர்டில் அப்போது 52 இருந்தது. பலகையில் மூன்று கட்டத்துக்கும் வெளியே, சாக்கட்டியால் சிறியதாக, "இன்னிக்கு நாலு யூனிட் எடுக்கலாம்" என்று தானாகவே ஒரு வரி சேர்த்திருந்தார்.